மறதி நோய் பரம்பரையாக வருமா? கொலம்பியக் குடும்பங்கள் கற்றுத்தந்தவை

“அம்மாவுக்கு மறதி நோய் வந்துவிட்டது, எனக்கும் வருமா?” அல்சைமர் நோயாளியை அழைத்து வரும் மகனோ மகளோ தயக்கத்துடன் எங்களிடம் கேட்கும் கேள்வி இது. இதற்கு விடை காண, தென் அமெரிக்காவின் கொலம்பியா நாட்டுக் குடும்பங்கள் சிலவற்றின் வரலாறு நமக்கு உதவுகிறது.

‘லா போபெரா’

அந்நாட்டின் ஆன்டியோகியா மாநில மலையூர்களில், நாற்பது வயதைக் கடந்ததுமே நினைவை இழப்போர் தலைமுறைதோறும் இருந்தனர். ஊரார் அதனை ‘லா போபெரா’, அதாவது ‘அசட்டுத்தனம்’, என்றனர். சாபம் என்று நம்பியவர்களும் உண்டு. 1980களில் மெடலின் நகர நரம்பியல் மருத்துவர் பிரான்சிஸ்கோ லொபேராவும் அவருடைய குழுவினரும் ஊர் ஊராகச் சென்று குடும்பத்தினரிடம் பேசினர். தேவாலயப் பதிவேடுகளைப் புரட்டி வம்சாவளியை வரைந்தனர். ஏறத்தாழ 6,000 உறவினரைக் கொண்ட பெருங்குடும்பம் அவ்வாறு வெளிப்பட்டது.

காரணம் சாபமன்று, பிரெசெனிலின்-1 என்னும் மரபணுவில் நேர்ந்த ஒரே ஒரு மாற்றம் என்பது 1990களில் உறுதியாயிற்று. பெற்றோரில் ஒருவருக்கு அம்மாற்றம் இருந்தால், ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர ஐம்பது விழுக்காடு வாய்ப்பு உண்டு. அதை உடையோர்க்குச் சராசரியாக 44 வயதளவில் நினைவாற்றல் குன்றத் தொடங்குகிறது. 49 வயதளவில் நோய் முற்றுகிறது. ஆனால் மூளையில் அமிலாய்டு என்னும் புரதம் படிவது முப்பது வயதுக்கு முன்பே தொடங்கிவிடுகிறது. அறிகுறிக்குப் பல ஆண்டுகள் முன்பே நோய் வேர்விடுகிறது என்பதை மருத்துவ உலகம் தெளிவாக உணர இக்குடும்பத்தினர் உதவினர்.

விதியை மீறிய ஒருவர்

அக்குடும்பத்துப் பெண்மணி ஒருவர் அம்மாற்றத்தைப் பெற்றிருந்தும் எழுபது வயது வரை நினைவுத் தெளிவுடன் வாழ்ந்தார். அவரது மூளையில் அமிலாய்டு மிகுதியாகவே இருந்தது; நரம்பணுக்களைச் சிதைக்கும் டாவ் புரதமோ குறைவாக இருந்தது. ‘கிறைஸ்ட்சர்ச்’ எனப்படும் மற்றோர் அரிய மரபணு மாற்றம் அவரைக் காத்திருக்கலாம் என 2019இல் ஆய்வாளர் அறிவித்தனர். அந்தப் பாதுகாப்பை மருந்தால் உண்டாக்க இயலுமா என்னும் தேடல் தொடர்கிறது.

எல்லா முயற்சிகளும் கைகூடவில்லை. இக்குடும்பத்தினர் 252 பேர் பங்கேற்ற தடுப்பு மருந்து ஆய்வு, மருந்தால் தெளிவான பயன் இல்லை என 2022இல் முடிவுற்றது. எனினும் பலர் இறந்த பின்னும் மூளையை ஆய்வுக்குக் கொடையளிக்கின்றனர். தங்கள் பிள்ளைகளுக்காவது விடை கிடைக்கட்டும் என்பதே அவர்களது எண்ணம்.

நமக்கு உரிய விடை

இவ்வாறு ஒரே மரபணுவால் நேரடியாக வரும் அல்சைமர் மிக அரிது; நூறு நோயாளிகளில் ஒருவருக்கும் குறைவு. அறுபத்தைந்து வயதுக்குப் பின் வரும் வழக்கமான அல்சைமரில், பெற்றோருக்கு நோய் இருந்தால் பிள்ளைகளுக்கு வாய்ப்பு சற்றே கூடும். கட்டாயம் வரும் என்பதில்லை. ஆகவே நாம் செய்யத்தக்கவை:

• குடும்பத்தில் யாருக்கு, எந்த வயதில் மறதி தொடங்கியது என்பதைக் குறித்து வைத்து மருத்துவரிடம் கூறுவோம். அறுபது வயதுக்கு முன்பே பலருக்கு வந்திருந்தால், மரபணு ஆலோசனைக்குப் பின்னரே பரிசோதனை குறித்து முடிவு செய்வோம்.

• இரத்த அழுத்தம், சர்க்கரை, கொழுப்பு ஆகியவற்றைக் கட்டுக்குள் வைப்போம், செவித்திறன் குறைந்தால் கருவி பொருத்திக்கொள்வோம், புகையை விடுவோம், நாள்தோறும் நடப்போம், பிறரோடு பழகுவோம். மாற்றத்தக்க 14 காரணிகளைச் சீர்செய்தால் உலகில் மறதி நோய்களுள் ஏறத்தாழ 45 விழுக்காட்டைத் தடுக்கவோ தள்ளிப்போடவோ இயலும் என 2024இல் லான்செட் ஆணையம் மதிப்பிட்டது.

• நோயுற்றவரை ‘அசடு’ என்றோ ‘பிடிவாதம்’ என்றோ கடிந்துகொள்ளாதிருப்போம். அது அவரது குணமன்று, மூளையின் நோய்.

‘எனக்கும் வருமா?’ என்னும் அச்சத்தை மனத்துள் சுமந்து திரிய வேண்டாம். அடுத்த முறை வரும்போது அதை வாய்விட்டுக் கேளுங்கள். உங்கள் குடும்ப விவரத்தைக் கொண்டு சேர்ந்தே விடை தேடுவோம்.