முதல் கிண்ணம் யாருக்கு?

கேள்வி: பசிபிக் தீவுகளில் நகராட்சி வந்த பிறகும் பரம்பரைத் தலைவர்களுக்கு மதிப்பு இருக்கிறதா?

பதில்: மைக்ரோனீசியாவின் பொன்பே தீவில் நிச்சயம் இருக்கிறது. அங்குள்ள கிட்டி, நெட், ஊ, சொகேஸ், மடோலெனிம் நகராட்சிகள் பழைய ஆட்சிப்பகுதிகளின் தொடர்ச்சிதான். ஒவ்வொன்றிலும் நான்மார்கி, நான்கென் என இரு பெருந்தலைவர்கள், குலமோ தாய்வழி. விருந்துக் கூடத்தில் சகாவு என்னும் பானத்துக்காக அச்செடியின் வேரைக் கல்லில் இடித்து, நீர்ப்பருத்திப் பட்டையில் வைத்துப் பிழிந்து, முதல் கிண்ணத்தை நான்மார்கிக்கே கொடுப்பார்கள்.

ஆனால் பட்டம் பெறப் பிறப்பு மட்டும் போதாது. வள்ளிக்கிழங்கை ஆள் கண்ணில் படாமல் வளர்த்து, பலர் சேர்ந்து சுமக்கும் அளவுக்குப் பெருக்கி விருந்துக்குக் கொண்டுவருபவரைத் தேடிப் பட்டம் வரும். உழவனின் உழைப்பைச் சபையில் மதிக்கும் இந்த வழக்கம் எனக்கு மிகவும் பிடித்தது. அடுத்தவர் கிழங்குத் தோட்டத்தை உற்றுப் பார்ப்பதுகூட அங்கே மரியாதைக் குறைவு.