திருமுறை ஓதலும் யோக நெறியே

யோகம் என்றால் மூக்கைப் பிடித்து மூச்சை அடக்குவது என்றே பலரும் எண்ணுகின்றனர். அது முனிவர்களுக்கு உரியது, குடும்பஸ்தருக்கு ஆகாது என்று ஒதுக்கியும் விடுகின்றனர். யோகம் என்னும் சொல்லின் பொருள் 'சேர்தல்' என்பதாகும். மனம் இறைவனோடு சேர்வதற்கு எல்லோருக்கும் வாய்த்த எளிய வழி பாட்டாகும்.

சைவசமயம் சரியை, கிரியை, யோகம், ஞானம் என நான்கு நெறிகளைக் கூறும். இவற்றுக்கு முறையே அப்பர், சம்பந்தர், சுந்தரர், மணிவாசகர் ஆகியோரை எடுத்துக்காட்டாகக் கொள்வர். நெறிகள் நான்காயினும் நால்வரும் பாடியே இறைவனை அடைந்தனர். திருமந்திரத்தின் மூன்றாம் தந்திரத்திலே அட்டாங்க யோகத்தை விளக்கிய திருமூலரும் அதனைப் பாட்டாகவே தந்தார்.

ஒரு பதிகத்தை முறைப்படி ஓதும்போது அட்டாங்க யோகத்தின் படிகள் சில தாமாகவே அமைகின்றன. முதுகு நிமிர்ந்து அமர்வது ஆசனம். ஓர் அடியை ஒரே மூச்சில் நிதானமாகப் பாடுவது பிராணாயாமம் போன்றது. செவி சுருதியிலே நிற்கும்போது ஏனைய புலன்கள் ஒடுங்குவது பிரத்தியாகாரம். பாட்டின் பொருளிலே மனம் ஊன்றுவது தாரணை. சாதாரணமாக நாம் நிமிடத்துக்குப் 12 முதல் 20 தடவை வரை மூச்சு விடுகின்றோம். மந்திரம் செபிக்கும்போது அது ஏறக்குறைய 6 ஆகக் குறைவதை 2001 இல் வெளிவந்த மருத்துவ ஆய்வொன்று காட்டியது.

தனியே ஓதுபவர் காலையில் நீராடி, திருநீறணிந்து, ஒரு பதிகத்தை மட்டும் எடுத்துக்கொள்ளலாம். முதலில் பொருளுணர்ந்து வாசித்து, அதன்பின் பாடுதல் நன்று. உரத்த குரலும் இனிய குரலும் கட்டாயமல்ல. நாள் தவறாமையே முக்கியம்.

கூடி ஓதுவதிலே வேறொரு பலன் உண்டு. ஒருவருக்கு மூச்சு முட்டும் இடத்தில் மற்றவர் பாட்டை ஏந்திக்கொள்வார். துயரத்தால் தொண்டை அடைத்தவரையும் கூட்டத்தின் குரல் தாங்கிச் செல்லும். 2004 ஆம் ஆண்டு ஆழிப்பேரலையில் உறவுகளை இழந்த பெரியகல்லாறு முதலிய கரையோரக் கிராமங்களுக்கு இதன் அருமை விளங்கும். சேர்ந்து பாடுவோரின் இதயத்துடிப்பும் ஒன்றாக ஏறி இறங்குவதை 2013 இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் கண்டறிந்தனர். ஆயினும் பிறர் குரலை அமுக்கிப் பாடினால் அங்கே வளர்வது ஆணவமேயன்றி யோகமன்று.

காரைதீவிலே 1892 இல் அவதரித்த சுவாமி விபுலானந்தர் ஒரு துறவி. துறவியாயிருந்தும் இசையைத் துறக்கவில்லை. பண்டைத் தமிழிசையோடு தேவாரப் பண்களையும் ஆராய்ந்து, 1947 இல் யாழ் நூலை வெளியிட்டார். அத்தகைய பெரியார் பிறந்த மண்ணிலே ஓதுவார் குரல் குறைந்துவருவது கவலைக்குரியது. ஒலிநாடாவும் இறுவட்டும் போய், இன்று கைத்தொலைபேசியிலிருந்தே ஒலிபெருக்கிக்குப் பாட்டுப் போகின்றது. அடியார்களோ வாய்மூடி நிற்கின்றனர். கேட்பதும் புண்ணியமே, ஆனால் பிறர் உண்பதைப் பார்த்திருப்பவருக்குப் பசி ஆறாது.

ஆகவே மாலைப் பூசையின்பின் ஒலிபெருக்கியைச் சற்று நிறுத்தி, சிறுவர் முதல் முதியோர் வரை கூடியிருந்து ஒரு பதிகமேனும் ஓதுதல் வேண்டும். வீட்டிலே தாய் ஓதினால் பிள்ளையும் கேட்டுக் கேட்டு ஓதும். இறைவன் திருவருள் அனைவருக்கும் துணைநிற்பதாக.