வைஃபை உள்ளே விட மறுக்கிறதா?

லேப்டாப்பில் வைஃபை பெயர் தெரிகிறது, சிக்னலும் இருக்கிறது. பாஸ்வேர்ட் கொடுத்தால் மட்டும் 'இணைக்க முடியவில்லை' என்கிறது. காரணம் பத்து இருக்கலாம். லேப்டாப் காட்டுவது பெரும்பாலும் இந்த ஒரு வரியைத்தான். அதனால் எதையும் அழிக்காத சோதனைகளை முதலில் செய்யுங்கள், அழிக்கிற வேலையைக் கடைசிக்கு வையுங்கள். கீழே இருப்பது அந்த வரிசைதான்.

1. முதலில் கோளாறு எந்தப் பக்கம் என்று பிரித்துவிடுங்கள். வீட்டிலுள்ள போன்கள் அதே வைஃபையில் ஓடுகின்றனவா என்று பாருங்கள். பிறகு போனில் ஹாட்ஸ்பாட் போட்டு லேப்டாப்பைச் சேர்த்துப் பாருங்கள். ஹாட்ஸ்பாட்டில் சேர்ந்தால் லேப்டாப்பின் வைஃபை கார்டு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். போன்களும் சேரவில்லை என்றால் ரூட்டரைக் கவனியுங்கள்.

2. பாஸ்வேர்ட் கட்டத்தின் ஓரத்தில் உள்ள கண் படத்தை அழுத்தி, என்ன விழுகிறது என்று கண்ணால் பாருங்கள். கேப்ஸ் லாக் எரியலாம். தமிழ் தட்டச்சு வைத்திருப்பவர்களுக்குக் கீபோர்ட் தமிழிலேயே நின்றிருக்கலாம். வெறும் புள்ளிகள் விழும்போது அது தெரியாது. விண்டோஸ் கீயோடு ஸ்பேஸ் பாரை அழுத்தினால் மொழி மாறும். ஓ என்ற எழுத்தும் பூஜ்யமும், எல் என்ற சிறிய எழுத்தும் ஒன்றும் குழப்பும் என்பதையும் மறக்க வேண்டாம்.

3. பாஸ்வேர்டே சந்தேகமா? ஏற்கெனவே சேர்ந்திருக்கும் போனைக் கேளுங்கள். ஆண்ட்ராய்டு 10 அல்லது அதற்குப் பிந்தைய பதிப்பு உள்ள போன்களில் வைஃபை செட்டிங்ஸில் 'ஷேர்' தொட்டால் கியூஆர் கோடு வரும். பல போன்களில் அதன் கீழேயே பாஸ்வேர்டும் இருக்கும். ஐஓஎஸ் 16 முதல் ஐபோனிலும் பார்க்கலாம். ரூட்டரின் அடியில் ஒட்டியிருக்கும் பாஸ்வேர்ட், இதுவரை யாரும் அதை மாற்றாமல் இருந்தால்தான் செல்லும்.

4. லேப்டாப்பை ரூட்டர் இருக்கும் அறைக்கே கொண்டுபோய் முயன்று பாருங்கள். பாஸ்வேர்டைச் சரிபார்க்க இரண்டும் சில தகவல்களை மாற்றிக்கொள்ள வேண்டும். சிக்னல் மெலிந்த இடத்தில் அது பாதியில் அறுந்தால், சரியான பாஸ்வேர்டையே தவறு என்று சொல்லிவிடும்.

5. ரூட்டரை அணைத்து, அரை நிமிடம் விட்டுப் போடுங்கள். விளக்குகள் நிலைக்கு வரும்வரை இரண்டு மூன்று நிமிடம் பொறுங்கள். லேப்டாப்பில் 'ஷட் டவுன்' வேண்டாம், 'ரீஸ்டார்ட்' கொடுங்கள். விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் வசதி இருந்தால், ஷட் டவுன் செய்தாலும் பழைய நிலையின் ஒரு பகுதி அப்படியே மிஞ்சும்.

6. ரூட்டரில் பாஸ்வேர்டை மாற்றியபின் சிக்கல் வந்ததா? லேப்டாப் பழையதையே கொடுத்துக்கொண்டிருக்கலாம். விண்டோஸ் 11-இல் செட்டிங்ஸ், நெட்வொர்க், வைஃபை, 'மேனேஜ் நோன் நெட்வொர்க்ஸ்' என்று போய், அந்தப் பெயருக்கு 'ஃபர்கெட்' கொடுங்கள். பிறகு புதிதாகச் சேருங்கள்.

7. 'கனெக்டட்' என்று காட்டி நெட் மட்டும் வரவில்லையா? ஐபி முகவரியைப் பாருங்கள். 169.254 என்று தொடங்கினால் ரூட்டர் முகவரி கொடுக்கவில்லை. 5-ஆம் குறிப்பைத் திரும்பச் செய்யுங்கள். முகவரி சரியாக இருந்து, போனிலும் நெட் இல்லை என்றால் நெட் இணைப்பு தருபவரிடம் சொல்ல வேண்டியதுதான். இந்த இரண்டுக்கும் பாஸ்வேர்டை மாற்றி மாற்றிப் போடுவது வீண் வேலை.

8. புது ரூட்டர், பழைய லேப்டாப் என்றால் பாதுகாப்பு முறை பொருந்தாமல் போகலாம். 2018-இல் அறிவிக்கப்பட்ட டபிள்யூபிஏ3 பழைய கார்டுகள் பலவற்றுக்குப் புரியாது. ரூட்டர் செட்டிங்ஸில் டபிள்யூபிஏ2, டபிள்யூபிஏ3 இரண்டும் கலந்த முறையைத் தேர்ந்தெடுங்கள். பழைய டபிள்யூஇபி முறைக்கு மட்டும் இறங்க வேண்டாம். அதை உடைப்பது எளிது. வைஃபை பெயரே தெரியவில்லை என்றால், லேப்டாப்பால் 5 கிகாஹெர்ட்ஸைப் பிடிக்க முடியாமல் இருக்கலாம், 2.4-ஐ இயக்குங்கள்.

9. சில வீடுகளில் ரூட்டரில் மேக் ஃபில்டர் போட்டிருப்பார்கள். ரேஷன் கார்டில் பெயர் இருந்தால்தான் அரிசி என்பது போல, பட்டியலில் உள்ள கருவிக்குத்தான் அனுமதி. லேப்டாப்பில் 'ரேண்டம் ஹார்ட்வேர் அட்ரஸஸ்' இயங்கினால் அதன் அடையாள எண் மாறி, பட்டியலில் இருந்தும் வெளியே நிற்கும். வீட்டு வைஃபைக்கு மட்டும் அதை அணைத்துவிடுங்கள்.

10. கல்லூரி, அலுவலக வைஃபை பயனர் பெயரும் கேட்கும். அங்கே லேப்டாப்பின் தேதியும் நேரமும் தப்பாக இருந்தால், சர்வரின் சான்றிதழ் செல்லாது என்று இணைப்பு நின்றுவிடும். அங்குள்ள கணக்கின் பாஸ்வேர்டை மாற்றியிருந்தாலும் 6-ஆம் குறிப்பு தேவைப்படும்.

11. ரயில் நிலையம், ஹோட்டல் போன்ற இடங்களில் இணைந்தபின் ஒரு பக்கம் திறந்து மொபைல் எண், ஓடிபி கேட்கும். அது திறக்காவிட்டால் விபிஎன்-ஐ அணைத்துவிட்டு பிரவுசரைத் திறந்து பாருங்கள்.

12. இதுவரை எதுவும் உதவவில்லையா? டிவைஸ் மேனேஜரில் வைஃபை அடாப்டரை 'அன்இன்ஸ்டால்' செய்து ரீஸ்டார்ட் செய்யுங்கள். டிரைவரை விண்டோஸ் திரும்பப் போட்டுக்கொள்ளும். டிரைவரை அழிக்கவா என்று கேட்கும் கட்டத்தில் டிக் செய்ய வேண்டாம். அதற்கும் சரியாகாவிட்டால் 'நெட்வொர்க் ரீசெட்'. அதில் சேமித்த எல்லா வைஃபை பாஸ்வேர்டுகளும் போய்விடும்; முன்பே எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

13. ரூட்டரின் பின்னால் உள்ள சின்ன ஓட்டையில் ஊசியை விடுவது கடைசியிலும் கடைசி. அது வைஃபை பாஸ்வேர்டோடு, நெட் இணைப்புக்கான பயனர் பெயரையும் பாஸ்வேர்டையும் சேர்த்தே அழித்துவிடலாம். அவற்றை நெட் தருபவரிடம் முதலிலேயே கேட்டு வாங்கிவிட்டு ஊசியைக் கையில் எடுங்கள்.