துணியில் பெயர் பிழையாகாதிருக்க

பினாங்கு மாநிலத்துப் பாயான் பாருவில், தோட்டத்திலிருந்து வந்து குடியேறிய குடும்பமொன்றில் பழைய தலையணை உறை ஒன்றைக் கண்டோம். பால்மரம் வெட்டிய பாட்டி தம் மகளுக்காகத் தைத்தது. அதில் ‘மீனா’ என்னும் பெயர் இருந்தது. அதே பெயரைத் தன் குழந்தைக்கும் இட்ட பேத்தி, அவ்வெழுத்துகளைப் பார்த்துப் புதிய உறையில் தைத்தாள். முடித்துப் படித்தபோது ‘மின’ என்றிருந்தது. அவள் உழைப்பில் குறைவில்லை. எழுத்தின் வடிவத்தை அறியாததே குறை. கூலிக்குத் தைப்பவராயின் துணியும் கூலியும் வீணாகியிருக்கும்.

எழுத்தை அறிதல்

பாட்டி தைத்தது பழைய ‘னா’. அதில் துணைக்கால் தனியே நில்லாமல், எழுத்தோடு சேர்ந்து கீழே சுழிந்திருக்கும். அவ்வாறே பழைய ணை, லை, ளை, னை ஆகியவற்றில் ஐகாரக் குறி யானைத் துதிக்கைபோல் எழுத்தோடு ஒட்டியிருக்கும். இத்தகைய 13 எழுத்துகளை எளிமையாக்கிப் பெரியார் 1935இல் ‘குடிஅரசு’ இதழில் வழங்கினார். தமிழ்நாட்டரசு 1978இல் அவற்றை ஏற்றது. பின்னர் சிங்கப்பூரிலும் நம் நாட்டிலும் அவை வழக்கத்திற்கு வந்தன.

எனவே, மாதிரி கையில் வந்ததும் முதலில் இவ்வெழுத்துகளைத் தேடுக. குடும்ப நினைவுப் பொருளாயின் பழைய வடிவத்தையே பின்பற்றலாம். புதிய துணியாயின் இன்றைய வடிவமே நன்று. ஒரே துணியில் இரண்டையும் கலத்தல் ஆகாது.

எழுத்தை ஊசிக்கு இணக்குதல்

1. மாதிரியின்மேல் ஒரு செண்டிமீட்டர்க் கட்டங்கள் வரைக. மூன்று மடங்கு பெரிதாக்க வேண்டின், வேறு தாளில் மூன்று செண்டிமீட்டர்க் கட்டங்கள் வரைந்து, கட்டம் கட்டமாகப் பார்த்து எழுதுக.

2. ‘மி’யையும் ‘மீ’யையும் பிரிப்பது மேலுள்ள சிறு சுழியே. ‘செ’, ‘சே’ ஆகியவற்றுக்கும் சுழியே வேறுபாடு. நூல் பருத்தால் சுழியின் உள்வெளி அடைபட்டு, ‘சேகர்’ ‘செகர்’ ஆகிவிடும். ஆகவே அச்சில் உள்ளதைவிடச் சுழியைச் சற்றுப் பெரிதாக வரைக.

3. அச்செழுத்தில் சில கோடுகள் தடித்தும் சில மெலிந்தும் இருக்கும். மெல்லிய கோட்டிற்குக் காம்புத் தையலும் தடித்த கோட்டிற்குச் சாட்டின் தையலும் பொருந்தும். கோடு மிக அகலமாயின் நீண்ட நூல் தளர்ந்து சிக்கும். அதனை இரு வரிசையாகப் பிரித்துத் தைக்க வேண்டும்.

4. மெய்யெழுத்தின் புள்ளியை இறுதியில் மறவாது இடுக. புள்ளி விடுபட்டால் ‘பால்’ ‘பால’ ஆகிவிடும்.

பயிற்சி

உங்கள் பிள்ளையின் பெயரைத் தாளில் பெரிதாக எழுதி, மூன்றடி தள்ளி வைத்து, அதை அறியாத ஒருவரைப் படிக்கச் சொல்லுங்கள். அவர் தயங்கிய எழுத்தைத் திருத்திய பின்னரே கார்பன் தாள் வைத்துத் துணியில் பதியுங்கள். மரத்திற்குக் காயம் படாமல் பட்டையை அளந்து வெட்டும் கைகளுக்கு இவ்வளவு கடினமானதன்று. தாளில் பிழையை அழிக்கலாம். துணியில் பிரித்த தையலோ தடம் விட்டே போகும்.