மறைத்து வாங்கிய தீர்ப்பு செல்லுமா?

கேள்வி: பாகப்பிரிவினை வழக்கில், விடுதலைப் பத்திரம் ஒன்றை மறைத்து எதிர்த்தரப்பு தீர்ப்பு வாங்கிவிட்டது. அப்பீல் கெடுவும் முடிந்தது. இனி வழி உண்டா?

பதில்: உண்டு. செங்கல்வராய நாயுடு வழக்கு உங்களுடையதைப் போன்றதே. முதலாளிக்காக ஏலத்தில் சொத்தை எடுத்தவர், உரிமை முழுவதையும் அவருக்கே விடுதலைப் பத்திரம் எழுதிக்கொடுத்துவிட்டார். பிறகு அதைச் சொல்லாமலே பாகம் கேட்டு முதல்நிலைத் தீர்ப்பாணையும் வாங்கினார். உண்மையான வழக்கோடு வரும் சட்டக் கடமை வாதிக்கு இல்லை என்றது சென்னை உயர் நீதிமன்றம். படிக்கும்போதே மனம் பதறுகிறது! நல்லவேளை, 1993-ல் உச்ச நீதிமன்றம் அதை ரத்து செய்தது. முக்கிய ஆவணத்தை மறைப்பது நீதிமன்றத்தையே ஏமாற்றுவது. அப்படிப் பெற்ற தீர்ப்பு செல்லாது, எந்த நீதிமன்றத்திலும் அதை எதிர்க்கலாம் என்றது. பதிவான பத்திரம்தானே, நீங்களே தேடியிருக்கலாமே என்ற வாதமும் அங்கே எடுபடவில்லை.

எனவே சார்பதிவாளர் அலுவலகத்தில் பத்திரத்தின் சான்றிட்ட நகலை உடனே வாங்குங்கள். மோசடி தெரிந்த நாளிலிருந்துதான் வழக்குக்கான காலக்கெடு ஓடும்; அந்த நாளை நிரூபிக்க வேண்டியிருக்கும்.

எதிர்த்தரப்பு கூண்டில் பொய் சொல்லியிருந்தால் பாரதிய நியாய சன்ஹிதா 229-ன்படி 7 ஆண்டுவரை சிறை. ஆனால் புகாரை நீதிமன்றமே தர வேண்டும். நீங்கள் மனுப்போட்டுக் கேட்கலாம். பொய் வழக்குக்கான ஈட்டுச் செலவுத் தொகையோ, சிவில் நடைமுறைச் சட்டம் 35ஏ-யில் சாதாரண வழக்குகளுக்கு இன்றும் 3,000 ரூபாய்தான் உச்சவரம்பு. இதை உயர்த்தாமல் வைத்திருப்பது பெரிய அநியாயம்.