கழுத்து முள்ளந்தண்டுத் தேய்வு: எப்போது பொறுக்கலாம், எப்போது பொறுக்கக் கூடாது?

மண்வெட்டி பிடிப்போருக்கும் சுமை தூக்குவோருக்கும் கழுத்து நோவு புதிதல்ல. 1995 இலும் 2009 இலும் இடம்பெயர்ந்த வேளைகளில் உடைமைகளைத் தலையில் சுமந்து நடந்தவர்கள் நம்மிடையே பலர். முகாம்களில் தண்ணீரும் விறகும் சுமந்த காலமும் உண்டு. வயதோடு கழுத்து எலும்புகள் எல்லோருக்கும் தேய்கின்றன. நெடுங்காலம் தலையில் பாரம் சுமப்பது அத்தேய்வை விரைவுபடுத்தும். தேய்வு இருப்போரில் அநேகருக்கு எந்தத் தொல்லையும் வருவதில்லை. ஆனால் சிலருக்குக் கையும் காலும் பலமிழந்து போகின்றன. இந்த வேறுபாட்டை அறிந்துகொள்வதே இப்பாடத்தின் நோக்கம்.

1. கழுத்தின் அமைப்பு

கழுத்தில் 7 முள்ளென்புகள் உள்ளன. அவற்றினூடாக மூளையிலிருந்து முண்ணாண் இறங்குகிறது. அதிலிருந்து பிரியும் நரம்புகள் கைகளுக்குச் செல்கின்றன. முண்ணாணைப் பிரதான வாய்க்கால் என்றும் நரம்புகளைக் கிளை வாய்க்கால்கள் என்றும் எண்ணிக்கொள்ளுங்கள். கிளை வாய்க்கால் அடைத்தால் ஒரு வயல் மட்டும் காயும். பிரதான வாய்க்கால் அடைத்தால் அதற்குக் கீழுள்ள வயல்கள் எல்லாம் பாதிக்கப்படும். எலும்புகளுக்கிடையிலுள்ள மெத்தை போன்ற தட்டு பிதுங்கும்போதும், எலும்பின் ஓரம் வளரும்போதும் இந்த அடைப்பு ஏற்படுகிறது.

2. மூன்று நிலைகள்

(அ) கழுத்து நோவு மட்டும்: பிடரியும் தோளும் உளையும். இதற்குச் சத்திரசிகிச்சை பெரும்பாலும் தேவைப்படாது. சுமையைக் குறைத்தல், சுடுநீர் ஒத்தடம், உயரம் குறைந்த தலையணை, பயிற்சி என்பவை போதும். கழுத்துப்பட்டியை நெடுநாள் அணிந்தால் தசைகள் பலவீனமடையும்.

(ஆ) நரம்பு நெரிபடுதல்: ஒரு கையில் மின்சாரம் பாய்வது போன்ற வலியும் விறைப்பும் வரும். வலி கடுமையாயினும் பெரும்பாலானோருக்குச் சில வாரங்களிலிருந்து சில மாதங்களுக்குள் தணிந்துவிடும். கை பலமிழந்து வந்தாலோ, வலி நீடித்தாலோ வைத்தியரிடம் மீண்டும் செல்ல வேண்டும்.

(இ) முண்ணாண் நெரிபடுதல்: இதுவே ஆபத்தானது. இதில் நோவு மிகக் குறைவாக இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆகவே நோவைக் கொண்டு நோயை அளக்காதீர்கள். கைகளையும் கால்களையும் கவனியுங்கள்.

3. கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

• பொத்தான் பூட்டவோ, சோறு பிசையவோ, நாற்றுப் பிரிக்கவோ விரல்கள் முன்போல் உதவாமை
• கையிலுள்ள பொருள் தானாக நழுவுதல்
• கால் இறுகி, வரம்பில் நடக்கும்போது தள்ளாடுதல்
• தலையைக் குனிந்தால் முதுகு வழியே மின்சாரம் பாய்வது போன்ற உணர்வு
• சலம் அடக்க முடியாமை அல்லது கழிக்கச் சிரமம்

ஒரு எளிய சோதனை உண்டு. கையை இறுக மூடி முழுதாக விரியுங்கள். நல்ல நிலையிலுள்ளவர் 10 விநாடிகளில் ஏறக்குறைய 20 தடவை செய்வார். அதிலும் நன்கு குறைந்தால் வைத்தியரிடம் சொல்லுங்கள். சலம் தடைப்பட்டாலோ, கைகால் விரைவாகப் பலமிழந்தாலோ அன்றே வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். இத்தகைய அறிகுறி உள்ளவர்கள் கழுத்தைத் திருப்பி முறிக்கும் சிகிச்சைக்கு ஒருபோதும் இடங்கொடுக்கக் கூடாது.

4. சத்திரசிகிச்சையைத் தீர்மானித்தல்

எக்ஸ்ரேயில் எலும்பு தெரியும். முண்ணாணின் நெரிவைப் பார்க்க எம்.ஆர்.ஐ. படம் தேவை. படத்தில் தேய்வு தெரிகிறது என்பதற்காக மட்டும் சத்திரசிகிச்சை செய்வதில்லை. படமும் உடலின் அறிகுறியும் ஒத்துப்போக வேண்டும். முண்ணாண் நெரிவு நடுத்தரமாகவோ கடுமையாகவோ இருந்தால் சத்திரசிகிச்சையே செய்யத்தக்கது என்பது 2017 இல் வெளியான சர்வதேச வழிகாட்டலின் கருத்தாகும். இலேசான நிலையில் வைத்தியரின் கண்காணிப்பில் பயிற்சி செய்து பார்க்கலாம். நிலைமை மோசமானால் தாமதிக்கக் கூடாது.

சத்திரசிகிச்சையின் முதல் நோக்கம் மேலும் கெடாமல் தடுப்பதாகும். பலருக்குக் கையும் நடையும் தேறுகின்றன. ஆனால் நெடுங்காலம் நெரிபட்ட முண்ணாண் முழுதாக மீளும் என்று எவரும் உறுதி கூற முடியாது. முந்திச் செய்தவருக்கே பலன் அதிகம். ஆபத்துகளும் உண்டு. கழுத்தின் முன்புறம் செய்தால் சில காலம் குரல் கம்மும், விழுங்கச் சிரமமாகும். தோள் பலமிழத்தலும் கிருமித்தொற்றும் சிலருக்கு ஏற்படும். அரிதாக நிலைமை முன்பிருந்ததிலும் மோசமாகலாம். புகைப்பிடிப்பவருக்கு எலும்பு பொருந்துவது தாமதமாகும்.

வைத்தியரிடம் தயங்காமல் கேளுங்கள்: எனக்கு நெரிபடுவது நரம்பா, முண்ணாணா? செய்யாவிட்டால் என்ன நடக்கும்? எது தேறும், எது தேறாது? எத்தனை மாதம் பாரம் தூக்கக் கூடாது?

5. குடும்பம் செய்ய வேண்டியவை

"காலபோக அறுவடை முடியட்டும், பிறகு பார்ப்போம்" என்பது நாம் வழக்கமாகக் கேட்கும் பேச்சு. நரம்பு வலிக்காரர் அப்படிப் பொறுக்கலாம். முண்ணாண் நெரிபட்டவர் பொறுத்தால் அறுவடை வீடு வரும், கை வராமல் போகலாம். ஒரு போகம் நிலத்தைக் குத்தகைக்குக் கொடுப்பதோ, உறவினரிடம் ஒப்படைப்பதோ இழப்புத்தான். ஆயினும் அது அடுத்த போகத்தில் ஈடுசெய்யக்கூடிய இழப்பு.

அரசாங்க வைத்தியசாலையில் சத்திரசிகிச்சைக்குக் கட்டணம் இல்லை. எனினும் பிரயாணத்துக்கும், துணைக்கு நிற்பவரின் சாப்பாட்டுக்கும், சில வேளை வெளியில் வாங்கும் பொருட்களுக்கும் பணம் வேண்டும். முன்கூட்டியே கணக்கிடுங்கள். கிளினிக் கொப்பியையும் படங்களையும் உறுதி, அடையாள அட்டை ஆகியவற்றுடன் ஒரே பையில் வையுங்கள். இடம்பெயர்வில் பழைய படங்களைத் தொலைத்தவர்கள் அறிகுறிகள் தொடங்கிய மாதத்தையும் வருடத்தையும் எழுதிக்கொண்டு செல்லலாம். நோய் வளரும் வேகத்தை வைத்தியர் அறிய அது உதவும்.

கலந்துரையாடலுக்கு

1. உங்கள் குழுவில் எவருக்காவது மேற்கூறிய அறிகுறிகள் உள்ளனவா? கை மூடி விரிக்கும் சோதனையைச் சேர்ந்து செய்து பாருங்கள்.
2. தலையில் சுமப்பதைக் குறைக்கத் தள்ளுவண்டியோ சைக்கிளோ பலர் சேர்ந்து வாங்க முடியுமா?
3. ஒருவர் சத்திரசிகிச்சைக்குச் சென்றால், அந்தப் போகத்தில் அவருடைய வயலை யார் யார் பார்ப்பது?