பேர் இல்லாத பெண்

இந்த இதழில் ஒரு நாவலைப் பற்றிப் பேசலாம். அமெரிக்க எழுத்தாளர் ஜான் ஸ்டைன்பெக் 1937-ல் வெளியிட்ட ‘ஆஃப் மைஸ் அண்ட் மென்’. சின்னப் புத்தகம்தான். கலிபோர்னியாவில் ஒரு பண்ணையில் கதை நடக்கிறது. பக்கத்து ஊர் பேரு சோலிடாட். ஸ்பானிஷ் மொழியில் அதற்குத் தனிமை என்று அர்த்தம்.

ஜார்ஜ், லென்னி என்ற இரண்டு கூலியாட்கள்தான் கதையின் முக்கிய மனிதர்கள். ஆனால் இவங்களுக்கு ஒருத்தருக்கு ஒருத்தர் துணை இருக்கு. துணை இல்லாத வாழ்க்கை எப்படி இருக்கும் என்பதைச் சுற்றியுள்ளவர்களை வைத்துத்தான் ஆசிரியர் காட்டுகிறார்.

கேண்டி என்ற பெரியவருக்கு வேலையில் ஒரு கை போய்விட்டது. நஷ்டஈடு 250 டாலர். குட்டியிலிருந்து வளர்த்த கிழட்டு நாய்தான் அவருக்குத் துணை. நாற்றம் தாங்கலை, சுட்டுடலாம் என்கிறான் கூட இருக்கும் ஒருவன். யாராவது வேண்டாம்னு சொல்ல மாட்டாங்களா என்று பெரியவர் ஒவ்வொரு முகமாகப் பார்க்கிறார். யாரும் சொல்லவில்லை. வெளியே துப்பாக்கிச் சத்தம் கேட்டதும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொள்கிறார். அழுதார் என்று ஆசிரியர் எழுதவில்லை. எழுதியிருந்தால் நமக்கு இவ்வளவு வலித்திருக்காது.

குரூக்ஸ் கறுப்பினத்தவர். மற்றவர்கள் தங்கும் கொட்டகைக்குள் அவர் போகக்கூடாது. குதிரைச் சாமான் அறையில் புத்தகங்களோடு தனியாக இருக்கிறார். தேடி வந்த லென்னியிடம், "ஜார்ஜ் திரும்பி வராவிட்டால் என்ன செய்வாய்?" என்று கேட்டுப் பயமுறுத்துகிறார். தன் வலியை இன்னொருத்தரும் கொஞ்ச நேரம் அனுபவிக்கட்டுமே என்ற ஆத்திரம் அது.

முதலாளி மகன் கர்லியின் மனைவியை எல்லாரும் தப்பாகப் பேசுகிறார்கள். நாவல் முழுக்க அவளுக்குப் பேரே கிடையாது, கர்லியின் மனைவி, அவ்வளவுதான். பேச ஆள் தேடித்தான் அவள் கொட்டகைப் பக்கம் வருகிறாள். ஆனால் குரூக்ஸ் எதிர்த்துப் பேசியதும், உன்னைத் தூக்கில் தொங்கவிட வைப்பேன் என்று மிரட்டுகிறாள். அவளை முழுக்க நல்லவளாகக் காட்டாததுதான் எனக்குப் பிடித்தது. ஒதுக்கப்பட்டவர், தனக்குக் கீழே இருப்பவரைத்தான் முதலில் கடிக்கிறார்.

சினிமாவில் நடிக்கும் ஆசையை லென்னியிடம் சொல்கிறாள். அதே இடத்தில், அவன் பலம் அவனுக்கே தெரியாமல், அவன் கையாலேயே சாகிறாள். தன் பணத்தையும் போட்டு ஜார்ஜோடு கூட்டாக நிலம் வாங்க நினைத்திருந்த கேண்டி, வைக்கோலில் கிடக்கும் அவள் உடலைப் பார்த்துத் திட்டுகிறார். அப்போதும் அவளுக்காக அழ யாரும் இல்லை.